உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு வால்வு

சின்னமனூரைத் தாண்டிக் கம்பம் போகும் வழியில் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் தொடங்கிவிடும். கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, கை நீட்டினால் குலை தட்டுப்படும் உயரத்தில் கட்டிய பந்தல்கள். அவற்றுக்குக் கீழே பெரிய டிராக்டர் நுழையாது. மருந்தடிக்கவும் களை ஓட்டவும் என் சித்தப்பா வைத்திருந்தது 15 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் டிராக்டர். ஒரு மார்கழி மாதம் அது காலையில் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. செல்ஃப் அடித்தால் இஞ்சின் சுற்றும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ஆனால் பிடிக்காது. வெயில் ஏறிய பிறகு நாலைந்து தடவை அடித்தால் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தாலும் ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கினால் திணறும். சித்தப்பா பேட்டரியை மாற்றினார், டீசல் ஃபில்டரை மாற்றினார். ஒன்றும் சரிப்படாமல்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

வந்தவர் சாவியைத் தொடவே இல்லை. முன்பக்கம் குனிந்து, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாகச் சுற்றினார். எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. "முட்டே இல்லண்ணே" என்றார் சித்தப்பாவிடம். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, சைலன்சர்கிட்ட காத வச்சுக் கேளுங்க" என்றார். அவர் சுற்றச் சுற்ற, குழாயின் அடியிலிருந்து புஸ்ஸென்று ஒரு சின்ன மூச்சு வந்தது. இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி இஞ்சின் ஆயிலை விட்டார். மறுபடி மாட்டிச் சுற்றிப் பார்த்தார். ஆயில், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இறங்கி, ரிங் வழியாகப் போகும் கசிவைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும். வால்வு வழியாகப் போவதை அதனால் அடைக்க முடியாது. மூச்சு நிற்கவில்லை. "ரிங்கு நல்லா இருக்கு. வால்வுதேன் போயிருக்கு. ஹெட்ட இறக்கணும்."

டீசல் இஞ்சினில் தீக்குச்சி கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்குவதால் வரும் சூடுதான் நெருப்பு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான் இங்கே பல மடங்காக நடக்கிறது. 25 டிகிரியில் உள்ளே போன காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஏட்டுக் கணக்குப்படி அது 600 டிகிரியையும் தாண்டிச் சூடாக வேண்டும். சிலிண்டர் சுவர் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் நடப்பில் அந்த அளவு வராது. டீசல் ஏறக்குறைய 210 முதல் 250 டிகிரியில் தானே பற்றக்கூடியது என்றாலும், இஞ்சினுக்குள் அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில மில்லிநொடிகள்தான். அதற்குள் பற்ற வேண்டுமானால் சூடு தாராளமாக இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில், செல்ஃப் மோட்டார் சுற்றும் மந்தமான வேகத்தில், வால்வு வழியாகக் காற்று ஒழுகினால் அந்தத் தாராளம் போய்விடும். டீசல் ஆவியாகும், எரியாது. அந்த எரியாத ஆவிதான் வெள்ளைப் புகை.

இஞ்சின் ஓடும்போது வால்வின் மேல் விழும் சுமையை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அந்த அளவு இஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வுத் தலை சுமார் 34 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், பரப்பு 9 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும் உச்சத்தில் 75 பார் அழுத்தம் என்றால், வால்வை அதன் இருக்கையில் அழுத்தும் விசை 700 கிலோவை நெருங்குகிறது. அவ்வளவையும் தாங்குவது, சீட் என்று மெக்கானிக்குகள் சொல்லும், ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சாய்ந்த வளையம். இஞ்சின் நிமிடத்துக்கு 2,300 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 19 தடவை திறந்து மூடும். ஆயிரம் மணி நேர உழைப்புக்குள் அது ஏறக்குறைய 6 கோடியே 90 லட்சம் அடி ஆகிறது.

அந்த வளையத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி வரை கொதிக்கக்கூடியது. அந்தச் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கும் அதைக் குளிர்விக்கும் தண்ணீருக்கும் போகிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் அதற்குக் கிடைக்கும் நேரம் நூறில் மூன்று நாலு பங்கு நொடி. வளையத்தில் ஓரிடத்தில் கரித்துகள் நசுங்கி ஒரு குழி விழுந்தால், அங்கே வால்வு சீட்டைத் தொடாது. தொடாத இடம் ஆறாது. ஆறாத இடத்தின் வழியாகவே எரியும் வாயுவும் பீறிடும். சிறு குழி வாய்க்காலாகிவிடும். "வால்வு எரிஞ்சு போச்சு" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். குரோமியம் 21 சதவீதமும் நிக்கல் 4 சதவீதமும் கலந்து, சூடு தாங்குவதற்காகவே செய்த எஃகுகூட இந்தப் பீறலுக்கு முன்னால் நிற்பதில்லை.

நல்லவேளையாக எங்கள் வால்வு எரியவில்லை. ஹெட்டைக் கழற்றிக் கயிற்றுக் கட்டிலில் கவிழ்த்து, ஸ்பிரிங்கை அழுத்தி, அரைவட்ட லாக்குகளை எடுத்து, வால்வை உருவினார். உப்புத்தாளால் கரியைச் சுரண்டிவிட்டு என்னிடம் நீட்டினார். 45 டிகிரி சாய்ந்த முகத்தில், மங்கலான வளையத்துக்கு நடுவே, அம்மைத் தழும்பு மாதிரி ஏழெட்டுக் கறுத்த புள்ளிகள். ஓரிடத்தில் மூன்று புள்ளிகள் அடுத்தடுத்து விழுந்து வளையத்தின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் இணைத்திருந்தன. நான் காது வைத்துக் கேட்ட மூச்சு அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

அடுத்து, இருபுறமும் மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசு. சாம்பல் நிறத்தில் கிரீஸ் மாதிரி இருக்கும் அதை இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறக்கும். பெரும்பாலான வால்வு பேஸ்ட்களில் அந்த நறநறப்பு சிலிக்கன் கார்பைடு. பட்டறைப் பெயர் கார்பரண்டம்.

இந்தப் பொருளின் கதையை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1891-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் இருந்தார். களிமண்ணையும் தூளாக்கிய கல்கரியையும் கலந்து, இரும்புக் கிண்ணத்தில் இட்டு, மின்சாரத்தால் சூடாக்கினார். வைரம் வரவில்லை. மின்முனையில் சில பளபளப்பான படிகங்கள் ஒட்டியிருந்தன, அவை கண்ணாடியைக் கீறின. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தவறாக நினைத்துக் கார்பரண்டம் என்று பெயர் வைத்தார். முதலில் அதை வாங்கியவர்கள் ரத்தினக்கல் தீட்டுகிறவர்கள். காரட் கணக்கில் விலை. 1893 பிப்ரவரியில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே மாதம் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசலுக்கும் அவருடைய இஞ்சினுக்கான காப்புரிமை கிடைத்திருக்கிறது. இரண்டு கண்டங்களில் ஒரே மாதத்தில் பதிவான இரண்டு கண்டுபிடிப்புகள் சித்தப்பாவின் களத்துமேட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில் சந்தித்துக்கொண்டன. கார்பரண்டம் நமக்கும் புதிதல்ல. 1954-இல் தொடங்கிய கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனம், திருவொற்றியூர் ஆலையிலிருந்து நாடு முழுதும் சாணைக்கற்களை அனுப்பியது.

அச்சிசனுக்கு முன்பே இயற்கை இதைச் செய்துவிட்டது. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் சிலிக்கன் கார்பைடு மணிகள் கிடைத்தன. மூப்படைந்த பெருநட்சத்திரங்கள் ஊதித் தள்ளிய வாயு குளிர்ந்தபோது உறைந்தவை அவை. 2020-இல் வெளிவந்த ஆய்வு, அவற்றில் சில 700 கோடி ஆண்டு வரை பழையவை என்று கணித்தது. நம் சூரியனின் வயது 460 கோடி ஆண்டுதான். டப்பாவில் இருக்கும் தூள் உலையில் செய்தது, நட்சத்திரத்தில் பிறந்ததல்ல. ஆனால் பொருள் ஒன்றே. வைரத்துக்கு ஓரிரு படி கீழே நிற்கும் கடினமும் ஒன்றே.

வால்வு முகத்தில் மூன்று இடங்களில் மட்டும், உளுந்து அளவுக்குக் கரடுப் பேஸ்ட் வைத்தார். தண்டில் ஒரு சொட்டு ஆயில் விட்டார். தண்டு ஓடும் குழாயான கைடில் வால்வை இறக்கி, நுனியில் ரப்பர் கிண்ணம் உள்ள குச்சியை நனைத்து வால்வுத் தலையில் ஒட்டவைத்தார். குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்து உருட்டத் தொடங்கினார். மோர் கடைகிற மத்தைக் கயிறில்லாமல் கையாலேயே சுழற்றுவார்கள் இல்லையா, அச்சு அசல் அந்த அசைவு. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். பத்துப் பன்னிரண்டு உருட்டு உருட்டியதும் வால்வைக் கொஞ்சம் தூக்கி, கால் வட்டம் திருப்பி, டொக்கென்று இறக்கி, மறுபடி உருட்டல்.

"ஒரேயடியா ஒரு பக்கமாவே சுத்துனா என்ன ஆகும்?"

"வரி விழுந்துரும் தம்பி. மருந்தும் ஒதுங்கிரும்."

வரி விழும் என்பது உண்மை. உருளும் மணிகளில் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. கொஞ்சம் பெரிய மணி ஒன்று ஓரிடத்தில் சிக்கினால் அது ஒரு வட்டப் பள்ளத்தைக் கீறும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த சுற்றிலும் அதே பள்ளத்தில் ஓடி அதை ஆழமாக்கும். பேஸ்ட்டும் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், இரும்பு இரும்போடு உரசும். முன்னும் பின்னுமாக உருட்டித் தூக்கி வைத்தால் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு முறையும் புதுப்பாதையில் போகும். மனிதக் கையால் ஒரே உருட்டை இரண்டு முறை அச்சாகச் செய்ய முடியாது. முன்னே போனது 130 டிகிரி என்றால் பின்னே வருவது 120 ஆக இருக்கும், அடுத்தது 140. பிற வேலைகளில் குறையாகத் தோன்றும் இந்த ஒழுங்கின்மைதான் இங்கே வேலையைச் செய்து முடிக்கிறது. வால்வின் ஒவ்வொரு புள்ளியும் சீட்டின் ஒவ்வொரு புள்ளியையும் ஏதாவது ஒரு கட்டத்தில் சந்தித்துவிடுகிறது.

சந்தித்தால் மேடு மட்டும் எப்படித் தேய்கிறது? கரடு மணி ஒன்றின் குறுக்களவு ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு இருக்கும். இரண்டு உலோகத்துக்கும் இடையிலுள்ள சந்து அதைவிடக் குறைவாக இருக்கும் இடத்தில்தான் மணி நசுங்கும், உருளும், பொடிப்பொடியாகக் கொத்தி எடுக்கும். பள்ளத்தில் விழுந்த மணி சும்மா கிடக்கும். ஆக, எங்கே தேய்க்க வேண்டும் என்று கை முடிவு செய்வதில்லை. எங்கே நெருக்கமோ அங்கே தேய்கிறது. தேய்ந்ததும் நெருக்கம் பக்கத்துக்கு நகர்கிறது. அளவுகோல் வைக்காமலேயே இரண்டு உலோகங்கள், ஒன்று மற்றதன் அளவுக்கு வந்துவிடுகின்றன. இயந்திரத் தொழிலில் இதைவிட அழகான ஒரு யோசனையை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்துவது வேறு, சரியான வடிவம் வேறு. பல ஆண்டு அரைத்த அம்மி நடுவில் குழிந்திருக்கும், குழவியும் அதற்கேற்றபடி தேய்ந்திருக்கும். அந்த வீட்டு அம்மியும் குழவியும் ஒட்டி உறவாடும், பக்கத்து வீட்டுக் குழவியை வைத்தால் அரைபடாது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் வாசித்த கட்டுரையில் இந்தச் சிக்கலைத்தான் பேசினார். சமதளம் வேண்டும் என்று இரண்டு இரும்புத் தட்டுகளைத் தூள் போட்டு ஒன்றோடொன்று தேய்த்தால் ஒன்று குழியும், ஒன்று குவியும், இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், இரண்டுமே தட்டை அல்ல. மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மேடுகளைச் சுரண்டி எடுப்பதே வழி என்றார். வால்வுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு உலகத்திலுள்ள எல்லாச் சீட்டிலும் பொருந்த வேண்டிய அவசியம் கிடையாது. தன் சீட்டில் பொருந்தினால் போதும். அதனால்தான் மெக்கானிக்குகள் இன்டேக் எது எக்ஸாஸ்ட் எது, எந்த வால்வு எந்தச் சீட்டுக்குரியது என்று அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். ஜோடி மாறினால் தேய்த்ததெல்லாம் வீண்.

கண்ணாடி வட்டுகளை இதே மாதிரித் தேய்த்தால் வேறொன்று நடக்கும். கைடு போல அச்சு எதுவும் இல்லாமல், எல்லாத் திசையிலும் நகர்த்தியும் திருப்பியும் தேய்க்கும்போது, எங்கே நகர்ந்தாலும் விலகாமல் ஒட்டியிருக்கக்கூடிய வடிவம் கோளப் பரப்பு ஒன்றுதான் (சமதளத்தை அளவிறந்த பெரிய கோளமாக எண்ணிக்கொள்ளலாம்). அதனால் மேல் வட்டு குழிந்து கோளமாகிறது. தொலைநோக்கிக் கண்ணாடி செய்வதன் முதல் படி இதுவே. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் கண்ணாடியும் பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் தேய்த்துத் தீட்டப்பட்டது. வால்வுக்குக் கைடு என்ற அச்சு இருப்பதால் அது கோளமாகாமல் கூம்பாகவே நிற்கிறது. இதிலிருந்தே ஒரு நடைமுறை விதி பிறக்கிறது: கைடு தேய்ந்து வால்வு ஆடினால் எவ்வளவு நேரம் உருட்டினாலும் பயனில்லை. அச்சே ஆடும்போது தேய்ப்பு வட்டமாக வராது. எங்கள் மெக்கானிக் பேஸ்ட்டைத் தொடும் முன்பே வால்வைக் கைடில் விட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தது அதற்காகத்தான்.

சத்தம் மாறத் தொடங்கியது. முதலில் கரகரவென்று மண் அரைபடுகிற மாதிரி இருந்தது ஐந்து நிமிடத்தில் சரசரவென்று இறங்கி, பிறகு ஏறக்குறைய மௌனமானது. சிலிக்கன் கார்பைடு கடினமானது, கூடவே நொறுங்கக்கூடியதும். தேய்க்கத் தேய்க்க மணிகள் உடைந்து சிறுக்கின்றன, கரடு தானே நைசாகிறது. "மருந்து செத்துருச்சு" என்று துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தார். குச்சியை என்னிடம் கொடுத்தார். உருட்டியபோது உள்ளங்கையில் ஒரு மெல்லிய அதிர்வு தெரிந்தது, பிறகு மங்கியது. மனித விரல் இதில் எவ்வளவு நுட்பமானது என்று 2013-இல் ஸ்டாக்ஹோமிலுள்ள கேடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள நெளிவுகளைக்கூட, விரலை மேலே ஓட்டியவர்கள் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்துச் சொன்னார்கள். அந்த மெக்கானிக்கின் விரல் காய்த்துப் போயிருந்தது. ஆனாலும் சீட்டை ஒரு முறை தடவிவிட்டு "இன்னும் ஒரு இடத்துல இருக்கு" என்றார். துடைத்துப் பார்த்தபோது, மூன்று புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்று பாக்கி இருந்தது.

அங்கே அவர் காட்டிய நிதானம் முக்கியம். தேய்த்துக்கொண்டே போனால் வளையம் அகலமாகும். அகலமானால் அதே விசை அதிகப் பரப்பில் பரவி, ஒரு சதுர மில்லிமீட்டருக்கான அழுத்தம் குறையும், கரித்துகளை நசுக்கி வெளியேற்றும் வலு போய்விடும். ரொம்பக் குறுகினாலோ சூடு இறங்க இடம் போதாது. தேய்க்கத் தேய்க்க வால்வும் சீட்டுக்குள் அமிழும். அமிழ்ந்தால் தண்டு மேலே ஏறி, அதன் நுனியில் விட்டிருக்கும் டேப்பெட் இடைவெளியைத் தின்றுவிடும். குழி ஆழமாக இருந்தால் பேஸ்ட்டோடு மல்லுக்கட்டுவது தவறு. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீட் கட்டிங் போட வேண்டும், தேய்ப்பு அதற்கப்புறம் கடைசிப் பொருத்தத்துக்கு மட்டும். முகத்தில் மெல்லிய பூச்சுள்ள வால்வுகளைத் தேய்க்கவே கூடாது, பூச்சு போய்விடும். பாக்கியிருந்த ஒரு புள்ளி வளையத்தின் ஓரத்தில், குறுக்கே போகாமல் இருந்ததால், அதை அப்படியே விட்டுவிட்டு நைசுக்கு மாறினார்.

நைசில் மூன்று நிமிடம். துடைத்தபோது வால்வு முகத்தைச் சுற்றி, மேகமூட்டமான வானத்தின் நிறத்தில், ஓரிடத்திலும் அறுபடாத ஒரு மங்கிய வளையம். பளபளப்பு இருந்தால் அங்கே மணி படவில்லை என்று பொருள். மங்கல்தான் நல்ல அறிகுறி. பென்சிலால் சீட்டின் குறுக்கே பன்னிரண்டு கோடுகள் இழுத்து, வால்வை வைத்து அழுத்திக் கால் வட்டம் திருப்பி எடுத்தார். பன்னிரண்டு கோடும் நடுவில் அழிந்திருந்தன.

பிறகு சித்தியிடம் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத் தூளும் கேட்டார். ஹெட்டை, கைடின் உட்புறத்தை, வாயு போகும் வழியான போர்ட்டின் மூலைகளை நார்பிரஷ் போட்டுக் கழுவினார். வாளியின் அடியில் சாம்பல் படிந்தது. தண்ணீரை மாற்றி மறுபடி கழுவினார். மூன்றாவது முறையும் கழுவினார். அன்று அதிக நேரம் எடுத்தது இந்த வேலைதான், அது நியாயமும்கூட. ஒரு சிட்டிகைப் பேஸ்ட் உள்ளே தங்கினால், சீட்டைச் சீராக்கிய அதே மணிகள் கைடையும் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கத் தொடங்கும். சத்தமில்லாமல் இஞ்சினையே தின்றுவிடும். விரலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கைடுக்குள் விட்டுத் திருகி எடுத்தார். துணி வெள்ளையாகவே வந்த பிறகுதான் ஸ்பிரிங்கை மாட்டினார். போர்ட் நிறைய மண்ணெண்ணெய் ஊற்றி, ஹெட்டைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது வால்வுத் தலையைச் சுற்றி ஈரக்கோடுகூட இல்லை.

ஹெட்டை ஏற்றிப் புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளைக் குறுக்குமறுக்காக முறுக்கி, டேப்பெட் வைத்து முடிக்க மாலை ஐந்தரை ஆகிவிட்டது. சித்தப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இருங்கண்ணே" என்ற மெக்கானிக், ஸ்பேனரை என் கையில் கொடுத்துப் புல்லியைக் காட்டினார். மெதுவாகச் சுற்றினேன். காலையில் அவர் கையில் வழுக்கிக்கொண்டு போன அதே இடத்தில் ஸ்பேனர் நின்றது. இன்னும் அழுத்தினேன். உள்ளே ஏதோ ஒன்று என் கையைத் திருப்பித் தள்ளியது. சைலன்சர் பக்கம் காது வைத்திருந்த சித்தப்பா நிமிர்ந்து, ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.